கருக்குவதா, வெட்டுவதா: மரத்தில் எழுத்தும் உருவமும் செதுக்க இயந்திரம் தேர்ந்தெடுக்கும் முறை

மரப்பலகையில் ஓர் எழுத்து கண்ணுக்குத் தெரிய இரண்டு வழிகள்தான் உண்டு. சுற்றியுள்ள மரத்தைவிட அது கருத்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் பள்ளமாக இருந்து அதில் நிழல் விழ வேண்டும். லேசர் மரத்தைக் கருக்கி எழுதுகிறது. சுழலும் பிட் (வெட்டுமுனை) பொருத்திய, கணினி சொல்லும் பாதையில் ஓடும் சி.என்.சி. ரவுட்டர் மரத்தை வெட்டி எடுத்து நிழலால் எழுதுகிறது. காரைக்குடிப் பக்கம் பெயர்ப்பலகை, பரிசுக் கேடயம், நிலைவாசல் வேலை செய்யும் பட்டறை என்னுடையது. இரண்டு வகை இயந்திரங்களும் அதில் ஓடுகின்றன. “எதை வாங்கலாம்?” என்று கேட்டு வருபவர்களிடம் நான் விலைப் பேச்சுக்கு முன் மூன்று விஷயங்களைக் கேட்பேன். என்ன மரம்? பலகை எங்கே மாட்டப்படும்? எவ்வளவு தொலைவில் நின்று படிப்பார்கள்? இந்த மூன்றுக்கும் பதில் கிடைத்துவிட்டால் பாதி முடிவு தானாகவே வந்துவிடும்.

வீட்டு வாசல் தூணில் மாட்டும் பெயர்ப்பலகையைத் தெருவில் நின்று படிப்பார்கள். காலையிலும் மாலையிலும் வெயில் சாய்ந்து விழும். அங்கே 5 மில்லிமீட்டர் ஆழம் வெட்டிய எழுத்து, வண்ணமே பூசாவிட்டாலும், நிழலால் எழுந்து நிற்கும். லேசரில் கருக்கிய எழுத்து அதே இடத்தில் முதலில் அழகாகத்தான் இருக்கும். ஆனால் வெயிலும் மழையும் நேரடியாகப் படும் இடத்தில் கருகிய மேல்தோல் மெல்ல அரித்துப் போகும், மரமும் சாம்பல் நிறமாகும், எழுத்தும் பலகையும் ஒரே நிறத்துக்கு வந்துவிடும். பூச்சு கொடுத்தால் தள்ளிப்போகும், நிற்காது. கையில் எடுத்துப் பார்க்கும் பரிசுக் கேடயம், சாவி வளையம், பென்சில் பெட்டி, மேசை மேல் வைக்கும் பெயர்க்கட்டை ஆகியவை வேறு கதை. அவற்றில் எழுத்து 4, 5 மில்லிமீட்டர் உயரம்தான் இருக்கும். அந்த அளவில் லேசருக்கு நிகரே இல்லை.

மரத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். விற்பனையாளர்கள் காட்டும் மாதிரிகள் பெரும்பாலும் பிர்ச் ப்ளைவுட்டில் செய்தவை. வெளிர்நிறம், சீரான பரப்பு, எந்தப் படத்தைக் கொடுத்தாலும் அச்சடித்தது போல வரும். நம் ஊரில் வாடிக்கையாளர் கேட்பது தேக்கு. தேக்கு ஒவ்வொரு பருவத்திலும் வளையம் வளையமாக வளரும். வளையத்தின் தொடக்கத்தில் பெரிய துளைகள் உள்ள மென்மையான பகுதி, அடுத்து இறுகிய பகுதி. லேசர் மென்மையான பகுதியில் ஆழமாக இறங்கும், இறுகிய பகுதியில் மேலோடு நிற்கும். அதனால் ஒரே சீராகக் கருக்க வேண்டிய பரப்பில் வரி வரியாக மேடுபள்ளம் தெரியும். கோட்டு எழுத்துக்கு இது பெரிய குறையாகத் தோன்றாது. முகப் படத்துக்கு ஆகவே ஆகாது. தாத்தாவின் கன்னத்தில் மரவளையம் ஓடினால் யாரும் பணம் தரமாட்டார்கள். பைன் மரத்தில் இந்த வரிகள் இன்னும் மோசம். படம் கருக்க வேண்டுமானால் ரப்பர் மரம், பிர்ச் ப்ளைவுட் போல வெளிர்நிறமும் அடக்கமான ரேகையும் உள்ளவற்றையே எடுங்கள்.

ஈட்டி, கருங்காலி போன்ற கருத்த மரங்களில் லேசர் எழுத்து கிட்டத்தட்ட மறைந்துவிடும். கருப்பின் மேல் கருப்பு. அங்கே ரவுட்டரால் வெட்டி, பள்ளத்தில் பொன்னிற வண்ணமோ வெள்ளையோ நிரப்பி, மேற்பரப்பை உப்புத்தாளால் தேய்த்து எடுப்பதுதான் சரியான வழி.

ரவுட்டருக்கும் மரத்தோடு தகராறு உண்டு. தேக்கில் இயற்கையாகவே சிலிக்கா இருக்கிறது. கண்ணுக்குத் தெரியாத மணல் என்று வைத்துக்கொள்ளுங்கள். அது பிட்டின் முனையைச் சீக்கிரம் மழுக்கும். சாதாரண எஃகு பிட் வேண்டாம், கார்பைடு வாங்குங்கள். வேம்பு, வாகை போன்றவற்றில் நார் ஓரிடத்தில் ஒரு பக்கமும் அடுத்த இடத்தில் எதிர்ப்பக்கமும் ஓடும். எதிர்நாரில் பிட் போகும்போது விளிம்பு பிய்ந்துகொண்டு வரும். உளி பிடிக்கும் ஆசாரி நாரைப் பார்த்துக் கையைத் திருப்புவார்; இயந்திரம் திரும்பாது. செதுக்குவதற்கு முன் மேற்பரப்பில் சீலர் (மரத்துளையை அடைக்கும் பூச்சு) ஒரு கை அடித்துக் காயவிட்டால் நார் இறுகிப் பிய்வது வெகுவாகக் குறையும். இரண்டு இயந்திரங்களுக்கும் பொதுவான ஒன்று: ஈரமான மரத்தை மேசையில் ஏற்றாதீர்கள். ஈரம் இருந்தால் லேசரின் வெப்பம் நீரை ஆவியாக்கவே செலவாகும், ரவுட்டரில் பள்ளம் பஞ்சு பஞ்சாக நிற்கும், செதுக்கி முடித்த பிறகு பலகையும் வளையும்.

அடுத்தது தமிழ் எழுத்து. ஆங்கில வழிகாட்டிகளில் இது இருக்காது, ஆனால் நம் வேலையில் பெரும்பங்கு இதுதான். ண, ன, ஞ, இ, ஐ போன்ற எழுத்துகளில் சுழிகள் அதிகம். சுழியின் நடுவே சிறு தீவாக மரம் நிற்கும். எழுத்து 10 மில்லிமீட்டர் உயரம் என்றால் அந்தத் தீவின் அகலம் ஒன்றரை மில்லிமீட்டர்கூட இருக்காது. V வடிவ பிட் அதைச் சுற்றி வரும்போது, குறுக்கே ஓடும் நார் பிடிமானம் இல்லாமல் தெறித்துவிடும். இணையாத சுழியோடு ‘ண’ எப்படி இருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். அதனால் என் கணக்கு இது: எழுத்து உயரம் 12 மில்லிமீட்டருக்குக் கீழே இருந்தால் லேசர். 25க்கு மேல் போனால் ரவுட்டர் தயங்காமல் செய்யும். இடைப்பட்டது மரத்தையும் எழுத்துருவையும் பொறுத்தது. தடித்த, ஒரே கனமுள்ள எழுத்துருவாக இருந்தால் ரவுட்டரில் 15 மில்லிமீட்டர் வரை இறங்கலாம்.

ரவுட்டரில் எந்த பிட் என்பதும் எழுத்தைப் பொறுத்ததே. தட்டையான முனை கொண்ட 3 மில்லிமீட்டர் பிட், உள்மூலை ஒவ்வொன்றையும் ஒன்றரை மில்லிமீட்டர் ஆரத்துக்கு உருண்டையாக்கிவிடும். ப, ட, ம ஆகியவற்றின் மூலைகள் மழுங்கும். V பிட் மூலைக்கு வரும்போது மெல்ல மேலே ஏறிக் கூர்முனையை விட்டுச் செல்லும். புள்ளியும் கூம்பு போல அழகாக அமையும். ஆழத்தைக் கணக்கிடுவது எளிது. கோட்டின் அகலம் 6 மில்லிமீட்டர் என்றால் 90 பாகை முனைக்கோணம் உள்ள V பிட் 3 மில்லிமீட்டர் இறங்கும், 60 பாகை பிட் 5.2 மில்லிமீட்டர் இறங்கும். கனமான பலகை, திறந்த வெளி என்றால் 60. பலகை 12 மில்லிமீட்டர்தான் என்றால் 90 எடுங்கள். எழுத்துக்கோடு 12 மில்லிமீட்டர் அகலமாக இருந்து நீங்கள் 60 பாகை பிட்டைப் போட்டால் பத்து மில்லிமீட்டருக்கு மேல் இறங்கும். 12 மில்லிமீட்டர் பலகையில் மிஞ்சுவது காகிதம்தான்.

எந்த இயந்திரத்துக்கு அனுப்பினாலும் எழுத்துகளை வளைகோடுகளாக, அதாவது எழுத்துரு தேவைப்படாத வெறும் கோட்டுருவமாக, மாற்றிய பிறகே அனுப்புங்கள். இல்லையென்றால் சில மென்பொருள்களில் ஒற்றைக்கொம்பும் இரட்டைக்கொம்பும் எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கும். கோப்பைத் திறந்ததும் ஒருமுறை வாய்விட்டுப் படித்துப் பாருங்கள். மரத்தில் பிழை திருத்த முடியாது.

லேசர் வாங்குவதானால்

மரத்துக்கு இரண்டு வகை பயன்படும். டையோடு லேசர் நீல ஒளியில், ஏறத்தாழ 450 நானோமீட்டர் அலைநீளத்தில், வேலை செய்யும். சிறியது, மேசை மேல் வைக்கலாம், விலை குறைவு. கார்பன் டையாக்சைடு லேசர் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பில், 10,600 நானோமீட்டரில், வேலை செய்யும். அதை 1964இல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் உருவாக்கிய குமார் படேல், மகாராஷ்டிரத்தின் பாராமதியில் பிறந்தவர். பட்டறைக்கு வரும் இளைஞர்களிடம் இதைச் சொல்லாமல் நான் அனுப்புவதில்லை. உலோகத்தில் எழுதும் ஃபைபர் லேசரை மரத்துக்கென்று யாராவது விற்க வந்தால் வாங்காதீர்கள்; அதன் 1,064 நானோமீட்டர் ஒளியை மரம் சரியாக ஏற்காது.

டையோடு லேசர் விளம்பரங்களில் வாட் எண்ணைக் கவனமாகப் படியுங்கள். சில பெட்டிகளில் பெரிதாக 40 வாட் என்று போட்டிருக்கும். உள்ளே எழுத்தைக் கூர்ந்து பார்த்தால் அது மின்சாரம் இழுக்கும் அளவாக இருக்கும், வெளிவரும் ஒளி 5 வாட்தான். நீங்கள் கேட்க வேண்டியது ஒளியின் திறன். 10 வாட் ஒளித்திறன் உள்ள டையோடு, மரத்தில் எழுதுவதற்குத் தாராளமாகப் போதும். ஆனால் கேடயம் செய்பவர்கள் பெரும்பாலும் அக்ரிலிக்கும் வெட்டுவார்கள். கண்ணாடி போன்ற அக்ரிலிக்கை நீல ஒளி அப்படியே ஊடுருவிச் சென்றுவிடும். அந்த வேலை உங்களிடம் வருமானால் கார்பன் டையாக்சைடு லேசர்தான் வழி.

அதன் உயிர் கண்ணாடிக் குழாயில் இருக்கிறது. குழாயைச் சுற்றி நீர் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும், அந்த நீர் 20 முதல் 25 பாகை செல்சியஸுக்குள் இருப்பது நல்லது. சித்திரை, வைகாசியில் நம் பட்டறைகளில் காற்றே 38 பாகை. வாளித் தண்ணீரும் மோட்டாரும் போதும் என்று சொல்வோரை நம்பாதீர்கள்; சூடான குழாயின் திறன் வேலையின் நடுவே இறங்கும், ஆயுளும் குறையும். குளிரூட்டும் பெட்டிகளிலும் இரண்டு வகை உண்டு. சி.டபிள்யூ. 3000 என்ற வகை, விசிறியால் வெப்பத்தை வெளியேற்றுவது மட்டுமே செய்யும். அறை வெப்பத்துக்குக் கீழே அதனால் போக முடியாது. சி.டபிள்யூ. 5200 வகையில் கம்ப்ரசர் இருக்கிறது, உண்மையில் குளிர்விக்கும். தமிழ்நாட்டில் இரண்டாவதை இயந்திரத்தின் விலையோடு சேர்த்தே கணக்கிடுங்கள். கடலோர ஊர்களில் இருப்பவர்கள் நீரை மிகவும் குளிர்விக்கவும் வேண்டாம், ஈரக்காற்று குழாயின் மேல் வியர்த்துத் துளியாக நிற்கும். குழாய்க்குப் போகும் மின்னழுத்தம் பல ஆயிரம் வோல்ட். எர்த்திங் சரியாக இல்லாத கட்டடத்தில் அதை இயக்கவே கூடாது. எலெக்ட்ரீஷியனை அழைத்து முதலில் அதைச் சோதிக்கச் சொல்லுங்கள்.

நேரக் கணக்கு: 100 மில்லிமீட்டர் சதுரப் பரப்பைக் கருக்க, கோட்டுக்குக் கோடு 0.1 மில்லிமீட்டர் இடைவெளி என்றால் ஆயிரம் கோடுகள். விநாடிக்கு 100 மில்லிமீட்டர் வேகத்தில் பதினேழு நிமிடம் ஆகும், ஒவ்வொரு முனையிலும் திரும்பும் நேரம் தனி. மூன்று மடங்கு வேகத்தில் ஓடும் கார்பன் டையாக்சைடு இயந்திரம் ஆறேழு நிமிடத்தில் முடித்துவிடும். நாளைக்கு நூறு கேடயம் கேட்டு வரும் பள்ளி ஆண்டுவிழாக் காலத்தில் இந்த வித்தியாசம்தான் தூக்கத்தைத் தீர்மானிக்கும்.

புகையை அலட்சியமாக எண்ண வேண்டாம். ஜன்னல் திறந்திருந்தால் போதும் என்பது தவறு. இழுவிசிறி வைத்துக் குழாய் மூலம் வெளியேற்ற வேண்டும். மரநாரைப் பசையோடு அழுத்திச் செய்த எம்.டி.எஃப். பலகை கருகும்போது அதன் பசையிலிருந்து ஃபார்மால்டிஹைடு வரும். உள் அலங்கார வேலைகளில் இப்போது எங்கும் பரவியிருக்கும் பி.வி.சி. ஃபோம் பலகைகளையும், மரத்தூளும் பிளாஸ்டிக்கும் கலந்து செய்த, மரம் போலவே தோன்றும் டபிள்யூ.பி.சி. பலகைகளில் பி.வி.சி. கலந்தவற்றையும் லேசரில் வைக்கவே வைக்காதீர்கள். ஹைட்ரஜன் குளோரைடு வாயு வரும். நுரையீரலையும் அரிக்கும், இயந்திரத்தின் இரும்பையும் அரிக்கும். வாடிக்கையாளர் “மரம்தானே” என்று கொண்டுவரும் பலகையின் ஓரத்தை வெட்டிப் பாருங்கள். நார் தெரியாமல் பிளாஸ்டிக் போல வழவழப்பாக இருந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். இல்லையென்றால் ரவுட்டரில் ஓட்டுங்கள், அது கருக்காமல் வெட்டும்.

கண்ணைக் காப்பாற்றுங்கள். மூடி இல்லாத டையோடு இயந்திரத்தின் நீல ஒளி, பலகையில் பட்டுச் சிதறி வருவதே விழித்திரையைப் பழுதாக்கப் போதுமானது. அந்த அலைநீளத்துக்கென்றே செய்த கண்ணாடி வேண்டும். சாதாரணக் கறுப்புக் கண்ணாடி உதவாது. வீட்டில் குழந்தைகள் இருந்தால் மூடி உள்ள இயந்திரத்தைத் தவிர வேறு எதையும் வாங்காதீர்கள். லேசர் ஓடும்போது அறையை விட்டு வெளியே போகவும் வேண்டாம். எரிப்பதுதான் அதன் தொழில், தீயணைப்பான் கைக்கெட்டும் தொலைவில் இருக்கட்டும்.

ரவுட்டர் வாங்குவதானால்

லேசர் மரத்தைத் தொடுவதில்லை. அதனால் அதன் சட்டம் மெல்லியதாக இருக்கலாம், பெல்ட் போதும். ரவுட்டர் மரத்தோடு மல்லுக்கட்டுகிறது. சட்டம் அசைந்தால் அந்த அசைவு எழுத்தில் தெரியும். பார்க்கும்போது முதலில் ஸ்பிண்டிலை, அதாவது பிட்டைச் சுழற்றும் மோட்டாரை, கையால் பிடித்துப் பக்கவாட்டில் தள்ளிப் பாருங்கள். கைக்கே அசைந்து கொடுத்தால் வைரம் பாய்ந்த தேக்குக்கு அது ஆகாது. 3018 என்று விற்கும் சிறு இயந்திரம், 300க்கு 180 மில்லிமீட்டர் இடத்தில் கற்றுக்கொள்ள நல்லது, தொழிலுக்குப் போதாது. பெயர்ப்பலகைக்கு 600க்கு 900 அளவும், இரும்புச் சட்டமும், பெல்ட்டுக்குப் பதில் நகர்த்தும் பால் ஸ்க்ரூ என்ற திருகும், 1.5 அல்லது 2.2 கிலோவாட் ஸ்பிண்டிலும் இருந்தால் நிம்மதி. கதவு செய்பவர்கள் 1325 வகை, அதாவது நான்குக்கு எட்டு அடிப் பலகை முழுதாகப் படுக்கும் மேசை, வாங்குகிறார்கள். அதற்கு மும்முனை மின்சாரமும் தனி அறையும் வேண்டும்.

புதியவர்கள் அஞ்சி மெதுவாக ஓட்டுவார்கள். மெதுவாக ஓடும் பிட் வெட்டாமல் உரசும், உரசினால் சூடாகும், தேக்கு கருகி பிட்டும் மழுங்கும். கணக்கு இதுதான்: சுற்று வேகத்தை பிட்டில் உள்ள வெட்டும் பல்லின் எண்ணிக்கையால் பெருக்கி, ஒரு பல் ஒரு சுற்றில் சீவும் அளவால் பெருக்குங்கள். நிமிடத்துக்கு 18,000 சுற்று, இரண்டு பல், 0.05 மில்லிமீட்டர் சீவல் என்றால் பிட் நகர வேண்டிய வேகம் நிமிடத்துக்கு 1,800 மில்லிமீட்டர். கீழே விழுவது மாவு போல இருந்தால் வேகத்தைக் கூட்டுங்கள். சிறு சீவலாக இருந்தால் சரியாகப் போகிறது.

லேசருக்கு ஒத்துவராத இடம் ஆழமான புடைப்பு வேலை. நிலைவாசலின் மேல்கட்டையில் கஜலட்சுமி, கதவின் பலகையில் பூவேலை ஆகியவற்றுக்கு ரவுட்டர்தான். ஆனால் பொறுமை வேண்டும். 300 மில்லிமீட்டர் சதுரத்தில் 0.3 மில்லிமீட்டர் இடைவெளி விட்டு உருண்டை முனை பிட் ஓடினால் மொத்தப் பாதை 300 மீட்டர். நிமிடத்துக்கு 3 மீட்டர் வேகத்தில் நூறு நிமிடம், அதற்கு முன் கரடுமுரடாக வெட்டியெடுக்கும் நேரம் தனி. நடுவில் மின்சாரம் நின்றால் சாதாரண ஸ்டெப்பர் மோட்டார் இயந்திரம் தான் நின்ற இடத்தை மறந்துவிடும். தொடக்கப் புள்ளியை பலகையில் குறித்து வையுங்கள், கட்டுப்பாட்டுப் பெட்டிக்கும் கணினிக்கும் யு.பி.எஸ். கொடுங்கள்.

புடைப்பு வேலையை இயந்திரத்திலிருந்து எடுத்து அப்படியே பாலிஷ் போட்டு விற்பவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அது பிடிக்காது. கண், மூக்கு, ஆடையின் மடிப்பு எல்லாம் வழவழவென்று, சோப்பில் வார்த்தது போல நிற்கும். எங்கள் பட்டறையில் ரவுட்டர் முக்கால் பங்கு மரத்தை எடுத்துக் கொடுக்கும். மிச்சத்தை ஆசாரி உளியால் முடிப்பார். “இது இடுப்பொடிக்கிற வேலையை எடுத்துக்கிடட்டும் தம்பி, முகத்தை என்கிட்ட விடு” என்று அவர் சொல்வதுதான் எங்கள் நடைமுறை. கள்ளக்குறிச்சி, அரும்பாவூர் மரச்சிற்பங்கள் புவிசார் குறியீடு பெற்றவை. அந்தக் கைவேலையின் பெயரை இயந்திரத்தில் ஓட்டி எடுத்த பலகைக்குச் சூட்டி விற்பது சரியல்ல. வாங்குபவரிடம் எது இயந்திரம், எது கை என்று சொல்லியே விற்க வேண்டும்.

தூசிக்கும் செலவு ஒதுக்குங்கள். மரத்தூளைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் பிரிவில் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு வைத்திருக்கிறது. தேக்குத்தூள் சிலருக்குத் தோல் அரிப்பும் தரும். ஸ்பிண்டிலைச் சுற்றி உறிஞ்சும் குழாய், மூக்குக்கு நல்ல முகமூடி, காதுக்கு அடைப்பான் மூன்றும் வேண்டும். சத்தத்தின் காரணமாகக் குடியிருப்பு நடுவே இரவில் ரவுட்டர் ஓட்ட முடியாது. வாடகை மாடி அறையில் தொழில் தொடங்குபவருக்கு இந்த ஒன்றே லேசர் பக்கம் தராசைச் சாய்த்துவிடும்.

ஒரே சட்டத்தில் ஸ்பிண்டிலும் லேசரும் மாற்றி மாட்டும் இயந்திரங்களைப் பற்றியும் கேட்கிறார்கள். ரவுட்டரின் தூசி லேசரின் லென்ஸில் படியும். கனமான சட்டம் லேசருக்குத் தேவையான வேகத்தில் ஓடாது. கற்றுக்கொள்ள வாங்குங்கள், பிழைப்புக்கு வேண்டாம்.

பணம் கொடுப்பதற்கு முன்

விற்பனையாளரின் மாதிரியைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். உங்கள் மரத்தில் ஒரு துண்டையும், நீங்களே தயாரித்த ஒரு கோப்பையும் எடுத்துச் செல்லுங்கள். அதில் ‘ஞானேஸ்வரி இல்லம்’, ‘கண்ணன்’ போல சுழி நிறைந்த பெயர்கள் 6, 10, 20, 40 மில்லிமீட்டர் உயரங்களில் இருக்கட்டும். கூடவே 30 மில்லிமீட்டர் முழுக்கருப்புச் சதுரம், 40 மில்லிமீட்டர் வட்டம். லேசரில் சதுரத்தின் நிறம் மேசையின் நான்கு மூலைகளிலும் ஒன்றாக வருகிறதா என்று பாருங்கள். கார்பன் டையாக்சைடு இயந்திரத்தில் ஒரு மூலை வெளுத்தால் ஒளியைத் திருப்பும் கண்ணாடிகள் நேராக இல்லை. ரவுட்டரில் வட்டத்தை வெர்னியர் அளவுகோலால் நான்கு திசைகளில் அளந்து பாருங்கள். நீளமும் அகலமும் மாறினால் திருகில் தளர்வு இருக்கிறது. அதே எழுத்தை மேசையின் நான்கு மூலைகளிலும் V பிட்டால் வெட்டச் சொல்லுங்கள். கோட்டின் கனம் மாறினால் மேசை மட்டமாக இல்லை. இதைச் செய்துகாட்டத் தயங்கும் கடையில் வாங்க வேண்டாம்.

என் தீர்ப்பைக் கேட்டால்: வாடிக்கையாளர் பள்ளிகளும் திருமண வீடுகளும் என்றால், கம்ப்ரசர் குளிரூட்டியோடு கூடிய கார்பன் டையாக்சைடு லேசர். வீடு கட்டுபவர்களும் கோயில் வேலையும் என்றால் ரவுட்டர். எது வரும் என்று இன்னும் தெரியவில்லை, கையில் பணமும் குறைவு என்றால் மூடியுள்ள 10 வாட் டையோடு லேசரை வாங்கி, ரவுட்டர் வேலையை ஊரில் உள்ள வேறொரு பட்டறையில் கொடுத்து வாங்குங்கள். மாதா மாதம் அந்தக் கூலி இயந்திரத்தின் தவணைக்கு இணையாக வரும்போது சொந்தமாக வாங்கலாம். வெளியில் கொடுக்கும்போது கோப்போடு ஒரு தாளில் பலகையின் கனம், மரத்தின் பெயர், பிட்டின் பாகை, அதிகபட்ச ஆழம், நார் ஓடும் திசை ஆகிய ஐந்தையும் எழுதிக் கொடுங்கள். அந்தத் தாளின் நகல் ஒன்று உங்களிடமும் இருக்கட்டும்.